வொரியூரில் பிறந்தவருக்குத் திதி

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களில் விடிவதற்கு முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். கறுப்பு எள், தர்ப்பை, பச்சரிசி, சொம்புத் தண்ணீர் எல்லாம் வரிசையாக இருக்கும். வாத்தியார் கேட்டுக்கொண்டே வருவார்: கோத்திரம் என்ன, அப்பா பேர் என்ன, தாத்தா பேர், கொள்ளுத் தாத்தா பேர்? அப்புறம் அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, தாத்தாவைப் பெற்ற கொள்ளுப் பாட்டி. அது முடிந்தால் தாய்வழி. அக்கரையில் உறையூரிலும் தென்னூரிலும் பரம்பரையாக இருப்பவர்களே மூன்றாவது தலைமுறையில் தடுமாறுவது உண்டு.

மொரீஷியஸிலிருந்தோ தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்தோ வந்த குடும்பம் அதே படியில் உட்காரும்போது தடுமாற்றம் இன்னும் ஆழமானது. அவர்கள் தேடி வந்த மனிதர் நான்கு, ஐந்து தலைமுறைக்கு முந்தியவர். அவரைப் பற்றி எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பதிவேட்டுப் பக்கத்தின் நகல்தான். மாவட்டம் என்ற இடத்தில் ட்ரிச்சினோபொலி என்று இருக்கும். கிராமம் என்ற இடத்தில் இருக்கும் சொல் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. அந்தச் சொல் பிழை என்றால், அதை நம்பி இவ்வளவு தூரம் வந்து விடும் எள்ளும் தண்ணீரும் யாரைச் சேரும்? ஊர் தெரியாமல், பேர் திரிந்துபோய் இருக்கிற ஒருவருக்குக் கடன் செய்ய முடியுமா?

இந்தக் கேள்வி லட்சக்கணக்கான குடும்பங்களுடையது. 1834 முதல் 1910 வரை மொரீஷியஸ் தீவுக்கு மட்டும் ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர்கள் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் போய்ச் சேர்ந்தது. 1911-க்குள் அங்கே போனவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். ஃபிஜிக்கு 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. பிரெஞ்சுத் தீவுகளான ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் ஆகியவற்றுக்குப் புதுச்சேரியும் காரைக்காலும் வாசல்கள்.

ஒவ்வொருவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம். நெற்றித் தழும்பு, இடது முழங்கையில் மச்சம், பச்சை குத்திய கை என்று அந்தக் கடைசிக் கட்டத்தில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது ஒரு மனித உடல் கண் முன்னே வந்து நிற்கும். அந்த உடலுக்கு உரிய ஊர் மட்டும் கலங்கிக் கிடக்கும். சொன்னவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். கேட்டு எழுதியவர் வேறு ஜில்லாக்காரர். மறுகரையில் அதைப் படியெடுத்தவர் தமிழே அறியாதவர். மொரீஷியஸில் ஆங்கில எழுத்தைப் பிரெஞ்சு நாக்கோடு படித்து எழுதினார்கள்.

ஆனால் இந்தப் பிழைகளை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிடக் கூடாது. உறையூரையே எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலேயர் காகிதங்களில் அது வொரியூர், வொரையூர் என்று வரும். 18-ஆம் நூற்றாண்டுப் போர்க் குறிப்புகளில் வாரியோர் என்று வரும். திருச்சிச் சுருட்டு உலகப் புகழ் பெற்ற காலத்தில் அது செய்யப்பட்ட இடமாகவும் வொரியூர் என்ற பெயரே புழங்கியது. ‘உ’வில் தொடங்கும் ஊருக்கு வகரம் எங்கிருந்து வந்தது? திருச்சிப் பக்கத்துக் கிழவி ஒருத்தியைப் பேசச் சொல்லிக் கேட்டால் விளங்கிவிடும். உறவு அவள் வாயில் ஒறவு. உடம்பு ஒடம்பு. சொல்லைத் தொடங்கும்போது உதடு குவிந்து ஒரு மெல்லிய வகரமும் சேரும்: வொறவு, வொடம்பு, வொறையூர். உடையார்பாளையம் வொடையார்பாளையம் ஆனதும் இதே வழியில்தான். எழுத்தர் தன் காதில் விழுந்ததை எழுதினார். ஏட்டில் உள்ள சரியான எழுத்துக்கூட்டல் அவருக்குத் தெரியாமல் போனதால், யாரும் கவனியாமல் கப்பல் ஏறிய ஒரு கூலிக்காரரின் வாய்மொழி நூற்றைம்பது வருஷம் கழித்தும் காகிதத்தில் பிழைத்திருக்கிறது. அந்த மனிதரின் குரலாக எங்கேயும் வேறு எதுவும் மிஞ்சவில்லை.

உறையூருக்கு இந்த அனுபவம் புதிதும் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் குறிப்பில் மெல்லிய துணிக்குப் பேர்போன அர்காரு என்ற ஊர் வருகிறது. அடுத்த நூற்றாண்டில் தாலமி, ஒர்த்துரா என்ற அரச நகரைச் சொல்கிறார். இரண்டும் உறையூர்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கொள்கிறார்கள். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் தோண்டியபோது தமிழி எழுத்துள்ள ஓடுகளும் சாயத்தொட்டி ஒன்றும் கிடைத்தன. அயலார் காதில் திரிந்த பெயரும் மண்ணுக்குள் கிடந்த சாயத்தொட்டியும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

ஆனால் காது மட்டும் போதாது. வொரியூர் என்று எழுதியிருப்பதைக் கண்டதும் உறையூர் என்று முடிவுகட்டினால் வழி தவறும். ராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரியூர் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ தலை வெட்டுண்ட ஊர் அது. இன்றும் கத்தோலிக்கர்கள் சிவந்த மண்ணைத் தேடிப் போகும் தலம். எழுத்தர் மதுரை ஜில்லா என்று போட்டிருந்தால் ஓரியூரை நினைக்க வேண்டும். ட்ரிச்சினோபொலி என்று போட்டிருந்தால் உறையூரை நினைக்கலாம், அதுவும் தாலுகாவைப் பார்த்த பிறகு. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஜில்லாவுக்குள் திருச்சியோடு முசிறி, குளித்தலை, பெரம்பலூர், உடையார்பாளையம் எல்லாம் அடங்கியிருந்தன. பலர் தங்கள் குக்கிராமத்தைச் சொன்னால் யாருக்குத் தெரியும் என்று பக்கத்திலுள்ள பெரிய ஊரைச் சொல்லியிருப்பார்கள். ஆளெடுத்த இடத்தையே பிறந்த இடமாக எழுதிக்கொண்டதும் நடந்திருக்கும்.

பெயரும் ஏமாற்றும். குவாதலூப் தீவில் இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக வாதாடி 1923-இல் வென்றவர் ஹென்றி சிதம்பரம். பிரெஞ்சு எழுத்தில் அவர் பெயர் சிதாம்பரோம் என்று ஆகிவிட்டது. ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமந்தவர் என்பதால் அவர் முன்னோர் சிதம்பரத்திலிருந்துதான் போனார்கள் என்று கொள்ள முடியாது. சிதம்பரம் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கத் திருநெல்வேலிக்காரருக்கும் உரிமை உண்டு. இதற்கு நேர்மாறாக, 1898-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்து அங்கேயே 16 வயதில் இறந்த வள்ளியம்மை, குடும்பத்தின் ஊரான தில்லையாடியைத் தன் பெயருக்கு முன்னால் இன்றும் தாங்கி நிற்கிறாள். சத்தியாக்கிரகம் அவளை வரலாற்றில் நிறுத்தியதால் அவள் ஊர் தப்பியது. மற்றவர்களுடைய ஊர்களுக்கு அந்தக் காவல் இல்லை.

ஸ்காட்லாந்து வம்சாவளியினர் படும் பாடும் கிட்டத்தட்ட இதேதான். அந்நாட்டில் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியது 1855-இல். அதற்கு முந்தியவர்களைத் தேடப் பங்குக் கோயில்களின் ஏடுகள்தான் கதி. கேலிக் மொழி பேசிய மலைநாட்டு மக்கள் சொன்ன ஊர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவர்கள் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். எழுத்தில் மில்ன்கேவி என்றிருக்கும் ஊரை உள்ளூர்க்காரர் மல்கை என்பார்கள். யோக் என்ற பழைய எழுத்தை அச்சுக்காரர்கள் இசட் என்று மாற்றியதால் கல்ஸீன் என்று எழுதப்படும் இடம் வாயில் கலேன் ஆகிறது. நம்முடைய ழகரத்தை லகரமாகவும் ரகரமாகவும் யகரமாகவும் சிதறடித்த கதையை நினைவூட்டும் இழப்பு அது.

ஸ்காட்லாந்துக்காரர் சுவடு ஸ்ரீரங்கத்திலும் உண்டு. 1752-இல் திருச்சி முற்றுகையின்போது ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் படையோடு அடைபட்டு, ஆங்கிலேயரிடம் சரணடைந்த பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, எடின்பரோவில் பிறந்த நிதி மேதை ஜான் லாவின் சகோதரர் வழி வந்தவர். பாரிஸ் மக்கள் அந்த ஜான் லாவின் பெயரை லாஸ் என்று உச்சரித்தார்கள். அன்றைய ஆங்கிலப் போர்க் குறிப்புகளில் ஸ்ரீரங்கம் செரிங்காம் என்று வரும். தன் மூதாதை செரிங்காமில் இறந்தார் என்று படித்த ஒருவர் மைசூர்ச் சீமையின் செரிங்காபட்டத்துக்கு, அதாவது ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்விட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

தேடும் வழி ஒன்றுதான். தேடி அடைந்த பின் செய்வதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. 1560-இல் ஸ்காட்லாந்தில் சமயச் சீர்திருத்தம் நடந்தபோது, இறந்தவருக்காக ஜெபிக்கும் வழக்கத்தையே புதிய திருச்சபை நீக்கிவிட்டது. அடக்கத்தின்போது பாட்டும் வாசிப்பும்கூட வேண்டாம் என்று அவர்களுடைய ஒழுங்கு நூல் சொன்னது. இறந்தவர் கடவுள் கையில் இருக்கிறார், உயிரோடு இருப்பவர் செய்யும் எதுவும் அங்கே எட்டாது என்பது அவர்கள் துணிபு. ஆகவே கல்ஸீனைத் தேடிப் போகிறவருக்குக் கல்லறையில் கைகட்டி நிற்பதைத் தவிரச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மார்மன் சபையாரின் நிலை மறுகோடி. இறந்த முன்னோருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று அவர்கள் நம்புகிறார்கள். அதற்குப் பெயரும் இடமும் சரியாகத் தெரிய வேண்டும். அதனால்தான் 1894-இல் யூட்டாவில் வம்சாவளிச் சங்கம் தொடங்கி, உலகெங்கும் உள்ள கோயில் ஏடுகளைப் படம் பிடித்துச் சேர்த்தார்கள். இன்று தங்கள் குடும்ப மரத்தைத் தேடும் எத்தனையோ பேர் அந்தச் சமய நம்பிக்கையின் பலனைத்தான் அனுபவிக்கிறார்கள்.

அம்மா மண்டபத்துப் படியில் இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே ஒரு நிலை இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. சங்கல்பத்தில் வருடம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி எல்லாம் வரும். காவேரிக் கரையில் செய்கிறேன் என்று செய்பவர் நிற்கும் இடமும் வரும். முன்னோர் பிறந்த ஊர் வராது. கோத்திரம் தெரியாதவர் காசியப கோத்திரம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது எல்லோரும் அறிந்த வழக்கம். அதைவிட ஆழமான ஏற்பாடு பழைய கிருஹ்ய சூத்திரங்களில் இருக்கிறது. அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர் தெரியாவிட்டால், பூமியில் உறையும் பிதா, நடுவானில் உறையும் பிதாமகர், விண்ணில் உறையும் பிரபிதாமகர் என்று சொல்லிப் பிண்டம் இடலாம் என்று அவை அனுமதிக்கின்றன. கப்பலும் பதிவேடும் வருவதற்கு இரண்டாயிரம் வருஷம் முன்பே, பெயர் தொலைந்துபோகும் என்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பஞ்சத்தில் சிதறியவர்கள், போரில் அடையாளம் இழந்தவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்து உனக்கு வழியில்லை என்று சூத்திரக்காரர்கள் கதவைச் சாத்தவில்லை.

ரத்த வழியே இல்லாதபோதும் கடன் செய்யலாம் என்று ஸ்ரீரங்கத்தின் சொந்த மரபே சொல்கிறது. வைணவ ஆசாரியர் ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். அவர் மறைந்தபோது, இன்னொரு சீடரும் அந்தணருமான பெரிய நம்பி தம் கையால் அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார். ஊர் கொதித்தது. ராமானுஜர் காரணம் கேட்டபோது, ராமன் ஜடாயுவுக்குச் செய்யவில்லையா, தருமர் விதுரருக்குச் செய்யவில்லையா என்று பெரிய நம்பி கேட்டதாகக் குருபரம்பரை சொல்கிறது. பிள்ளையில்லாதவர் என்று தல மரபு சொல்லும் ஹொய்சள அரசர் மூன்றாம் வல்லாளன், ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்ட போரில் பிடிபட்டு மதுரை சுல்தானால் கொல்லப்பட்டார். அவருக்குத் திருவண்ணாமலை அண்ணாமலையாரே மகனாக நின்று மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாள், வாரிசு இல்லாத தம் பக்தர் லட்சுமி நாராயண சுவாமிக்குத் தீபாவளி அமாவாசையன்று சிராத்தம் செய்கிறார்.

அப்படியானால் பதிவேட்டை எதற்குப் புரட்ட வேண்டும், ஊரை எதற்குத் தேட வேண்டும்? பூமியில் உறைபவரே என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாமே என்று ஒருவர் கேட்டால், அந்த வாதத்தை ஏற்க முடியாது. சூத்திரம் அனுமதிப்பது தெரியாதவருக்கு. தேடாதவருக்கும் அது பொருந்தும் என்று எங்கும் சொல்லவில்லை. வள்ளுவர் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை முதலில் வைத்தார். பேணுதல் என்பதற்குள் அவர் யார், எங்கிருந்து எந்த வழியாகப் போனார் என்று விசாரிப்பதும் அடங்கும்.

விசாரிப்பது கடன் என்றால், பொய்யான விடையோடு திருப்தி அடையாமல் இருப்பதும் கடன்தான். இங்கே ஒரு பெரிய சபலம் காத்திருக்கிறது. உறையூர் சோழர்களின் பழைய தலைநகரம். வொரியூர் என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம், நீங்கள் சோழர் வழி என்று சொல்ல ஆள் கிடைத்துவிடும். அவர் மகிழ்ச்சியோடு ஊர் திரும்புவார். உண்மையில் அந்த வொரியூர்க்காரர் தறியில் உட்கார்ந்தவராகவோ, சுருட்டு சுற்றியவராகவோ, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் வேலை தேடி வந்து அங்கே சில மாதம் ஒதுங்கியவராகவோ இருந்திருக்கலாம். சாதி என்ற கட்டத்தையும் அப்படியே நம்ப முடியாது. மலபார் என்று பொத்தாம்பொதுவாகத் தமிழர் எல்லோரையும் எழுதியது ஒரு பக்கம். ஊரில் தலைகுனிய வைத்த பெயரைக் கப்பல் ஏறும்போது உதறியவர்கள் இன்னொரு பக்கம். அந்த மனிதர் தெரிந்தே மாற்றிச் சொல்லியிருந்தால், அது அவர் தன் வாழ்வில் எடுத்த துணிச்சலான முடிவுகளில் ஒன்று. அதைத் தோண்டித் திருத்தி, அவர் விட்டோடிய குலத்துக்கே அவரைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மரியாதை ஆகாது. ராஜ வம்சத்தில் கொண்டுபோய் ஒட்டுவதும் மரியாதை ஆகாது. உறையூராக இருக்கலாம், உறுதியில்லை என்று மனதில் வைத்துக்கொண்டு எள் விடுவது அவரை உள்ளபடி ஏற்றுக்கொள்வதாகும்.

இலங்கை மலைநாட்டுத் தமிழருக்கு அந்த ‘இருக்கலாம்’கூட எளிதாகக் கிடைப்பதில்லை. அவர்களை அழைத்துப்போனது தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆளெடுக்கும் ஆணையம் 1904-இல் திருச்சியிலேயே அலுவலகம் திறந்தது. ஆனால் கழுத்தில் கட்டி அனுப்பிய தகர டிக்கெட்டில் அச்சடித்திருந்தது போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் அடையாளம். புறப்பட்டு வந்த ஊர் அதில் இல்லை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தியா திரும்பியவர்களில் பலருக்கு முசிறி, துறையூர் என்று பாட்டி சொன்ன வார்த்தை மட்டுமே சொந்த ஊருக்கான சான்றாக இருந்தது.

உறையூர் வெக்காளியம்மன் கோயிலில் கருவறைக்குக் கூரை கிடையாது. மண்மாரி பொழிந்து ஊர் அழிந்தபோது வீடிழந்த மக்களுக்கெல்லாம் வீடு கிடைக்கும்வரை தானும் வெட்டவெளியில் இருப்பேன் என்று அம்மன் சொன்னதாகத் தல வரலாறு. வேண்டுதலைத் தாளில் எழுதி அங்கே சூலத்தில் கட்டிவிடுவது வழக்கம். வொரியூர் என்ற சொல்லோடு கடல் கடந்து வருகிறவர் அந்தத் தாளில் எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினாலும் அங்கே திருத்த ஆள் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வாத்தியார் கேட்கும் பெயர்களில் பாதி பெண்களுடையவை. இங்கேயே இருந்துவிட்ட குடும்பங்களில் ஆண்வழிப் பெயர்கள் எப்படியோ மூன்று தலைமுறைக்கு ஓடிவிடும். கொள்ளுப் பாட்டி பெயரைக் கேட்டதும் ‘பெரிய ஆத்தா’ என்று ஒருவர் முனகுவார், பிறகு எல்லோரும் மௌனமாகிவிடுவார்கள். கப்பல் பதிவேடு அப்படி நடந்துகொள்ளவில்லை. ஆண்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற விகிதத்தில் பெண்களையும் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்தது. ஏறிய ஒவ்வொருத்திக்கும் தனி வரி, தனி எண். அவளுடைய பெயர், அவளுடைய தகப்பன் பெயர், கணவன் வழியாக வராத அவளுடைய சொந்த ஊர், அவள் கன்னத்து மச்சம். கூலிக் கணக்குக்காக, எந்தப் பரிவும் இல்லாமல், பிழையோடுதான் எழுதினார்கள். ஆனாலும் டர்பனிலிருந்து வந்தவர் தன் கொள்ளுப் பாட்டி முசிறிப் பக்கம் ஏதோ ஒரு பாளையத்தில் பிறந்தவள் என்று காகிதத்தை நீட்டிச் சொல்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறையூர்க்காரரிடம் தாத்தாவைப் பெற்றவள் எந்த ஊரிலிருந்து வாழ வந்தாள் என்று கேட்டால், பிழையான ஒரு பெயரைக்கூட அவரால் சொல்ல முடிவதில்லை.